துறுதுறு பிள்ளையும் மலை ஏறும் குடும்பமும்

இந்த மாதப் பாடம்: குழந்தை வளர்ப்பு



குழுக் கூட்டத்தில் சந்தா வசூலித்து, உள்கடன் பேசி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் மனசுவிட்டுப் பேசும் பேச்சு ஆரம்பிக்கும். அப்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. "மேடம், எம்புள்ள ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. மரத்துல ஏறுது, மோட்டார் கொட்டாய் மேல ஏறிக் குதிக்குது. அடிச்சும் பாத்தாச்சு, ரூமுல போட்டுப் பூட்டியும் பாத்தாச்சு. அடங்கல." இப்படிச் சொல்லாத அம்மாவே இல்லை என்று சொல்லலாம்.

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதுதான் இந்த மாதப் பாடம். அடக்குவது எப்படி என்று நாம் பேசப் போவதில்லை. குடும்பத்தோடு சேர்ந்து மலையும் குன்றும் ஏறப் பழகுவது எப்படி என்று பேசப் போகிறோம். "வேற வேலையில்லையா?" என்று சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

துணிச்சல் ஒரு நோயா?

எட்டு வயதுப் பிள்ளை உயரமான இடத்தைக் கண்டால் ஏறத்தான் பார்க்கும். அந்த வயதில் கைகால்கள் வேகமாக வலுவடைகின்றன. எதைப் பிடித்தால் தாங்கும், எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்று உடம்பு தானே பரீட்சை வைத்துப் பார்க்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்த ஆர்வம் கொஞ்சம் அதிகம். அது கெட்ட குணமும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் ஆர்வம் இருக்கிற அளவுக்கு ஆபத்தை எடைபோடும் அறிவு அந்த வயதில் வளர்ந்திருக்காது. அதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும்.

அடித்து அடக்கினால் பிள்ளை ஏறுவதை விட்டுவிடாது. நமக்குத் தெரியாமல் ஏறும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளை நினைத்துப் பாருங்கள். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும். உள்ளே எத்தனை அடி ஆழம் என்று யாருக்கும் தெரியாது. பக்கவாட்டுப் பாறை செங்குத்தாக இறங்கும், கால் வைக்கவும் கையால் பிடிக்கவும் இடம் இருக்காது. கோடை விடுமுறையில் இந்தக் குட்டைகளிலும் கிணறுகளிலும் பிள்ளைகள் இறந்த செய்தியை ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் போனவர்கள். சொன்னால் அடி விழும் என்று பயந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எப்படித் தடுப்பது?" என்பது அல்ல. "யாரோடு, எங்கே, எந்த விதிகளோடு ஏறுவது?" என்பதுதான்.

பெண் பிள்ளை என்றால்?

ஆண் பிள்ளை மரம் ஏறினால் "வாலு" என்று சிரிக்கிறோம். அதே மரத்தில் பெண் பிள்ளை ஏறினால் "பொம்பளப் புள்ளையா லட்சணமா இரு" என்கிறோம். வயதுக்கு வந்துவிட்டால் ஓட்டம், ஆட்டம் எல்லாம் அன்றோடு நின்றுவிடுகிறது. துணிச்சலான பெண் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மூன்று பேரைப் பார்ப்போம்.

பச்சேந்திரி பால், உத்தரகாண்டில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். 12 வயதில் பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதலாக ஒரு சிகரத்தில் ஏறினார். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தைத் தொட்டார். அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர்தான்.

மாலாவத் பூர்ணா, இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்த பழங்குடிப் பெண். அப்பா, அம்மா விவசாயக் கூலிகள். அரசு சமூகநல உறைவிடப் பள்ளியில் படித்தார். முதல் பயிற்சி புவனகிரிக் கோட்டைப் பாறையில் நடந்தது. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் ஏறியபோது அவருக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை.

மூன்றாமவர் நம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி. 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் ஏறி, அதைச் சாதித்த முதல் தமிழகப் பெண் ஆனார். ஏறும்போது அவர் இரண்டு குழந்தைகளின் தாய்.

நம் பிள்ளைகள் எல்லாம் எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று சொல்ல இந்தக் கதைகளை எழுதவில்லை. பூர்ணா பழகிய பாறையைப் போன்ற பாறை நம் பக்கத்திலும் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த பழக்குகிற ஆளும் அனுமதியும்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடன் கொடுக்கும்போது முதல் தவணையிலேயே பெரிய தொகை கொடுக்கிறோமா? சிறிய கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்தல், பிறகுதான் அடுத்தது. மலையும் அப்படித்தான். செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறோம். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் பக்கத்து மலைகளை வைத்து இதேபோல வரிசை போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி, சமதரை நடை. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குக் குடும்பமாகப் பக்கத்து ஊர்க் கோயில் வரை 3 கி.மீ. நடந்து திரும்புங்கள். யார் சீக்கிரம் களைக்கிறார்கள், யாருக்குச் செருப்பு கடிக்கிறது, பிள்ளை எத்தனை தடவை தண்ணீர் கேட்கிறது என்று கவனியுங்கள். நான்கு வாரம் இப்படி நடந்தால் போதும்.

இரண்டாம் படி, சின்னக் குன்று. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. மேலே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. "மேலே 24 பேர் உட்கார்ந்திருக்காங்க, போய் எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

மூன்றாம் படி, நீண்ட நடை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. பௌர்ணமிக் கூட்டத்தில் பிள்ளையைக் கூட்டிப் போகாமல், சாதாரண நாளில் விடியற்காலையில் போங்கள். வேண்டுதல் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ளலாம், இல்லாதவர்கள் சும்மா நடக்கலாம். பாதி வழியில் முடியவில்லை என்றால் ஆட்டோவில் ஏறி வந்துவிடலாம் என்பது இந்தப் பாதையின் வசதி.

நான்காம் படி, செஞ்சிக்கோட்டை. அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். முதலில் கிருஷ்ணகிரி ஏறுங்கள். அது நன்றாகப் பழகிய பிறகு ராஜகிரி. அதன் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குப் பக்கத்தில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. அதன் மேல் உள்ள பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1714-இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிர்விட்டதும் இந்த மண்ணில்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. பாடப் புத்தகத்தில் படித்த இடத்தில் தன் காலால் ஏறி நின்ற பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

புறப்படும் முன்

அம்மாவின் உடம்பு: தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஏற வேண்டும்.

கால்: ரப்பர் செருப்பு வேண்டாம். வார் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டும், ஈரப் பாறையில் வழுக்கும். பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ போதும். அடிப்பகுதி தேய்ந்திருக்கக் கூடாது. பெண்கள் சுடிதார் அல்லது கால் தடுக்காத உடை போட்டுக்கொள்வது நல்லது. புடவைதான் பழக்கம் என்றால், நடவுக்குப் போகும்போது கட்டுகிற மாதிரி தூக்கிச் செருகிக் கட்டுங்கள்.

தண்ணீர்: ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தண்ணீரைப் பிள்ளையே சுமக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்குங்கள். அளவு கூடக் கூடாது.

சாப்பாடு: எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், கடலை மிட்டாய், வாழைப்பழம். நொறுக்குத் தீனி கவரைக் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பிடுங்கும். எல்லாம் பைக்குள் இருக்கட்டும். குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

சொல்லிவிட்டுப் போவது: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கோ குழு ஊக்குநருக்கோ சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போன் டவர் கிடைக்காது.

மலையில் ஐந்து விதிகள்

இந்த விதிகளைப் புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளையின் வாயால் திரும்பச் சொல்ல வையுங்கள்.

1. கண்ணுக்குத் தெரியும் தூரம். முன்னால் ஓடலாம், ஆனால் பின்னால் வரும் ஆள் கண்ணில் பட வேண்டும். திருப்பம் வந்தால் நின்று காத்திருக்க வேண்டும்.

2. மெதுவாக நடப்பவர் வேகமே எல்லோருக்கும் வேகம். பாட்டி வந்தால் பாட்டி நடக்கும் வேகம். பலமானவர் கடைசியில் வர வேண்டும். யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது.

3. இறங்கும் வழி தெரியாமல் ஏறக் கூடாது. பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது பிடிமானம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. துணிச்சலான பிள்ளை மாட்டிக்கொள்வது இப்படித்தான். "எங்க கால் வச்சு இறங்குவ? சொல்லு" என்று கேளுங்கள். பதில் சொன்னால் ஏறலாம்.

4. மூன்று விசில் அடித்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பத்து, இருபது ரூபாய் விசில் ஒன்று பிள்ளையின் கழுத்தில் தொங்கட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வழி தவறினால் தேடி அலையாமல், நின்று விசில் அடிக்க வேண்டும்.

5. திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். காலை 6 மணிக்கு ஏற ஆரம்பித்து 10 மணிக்குக் கீழே வர வேண்டும் என்றால், 8 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும் சரி. யாராவது ஒருவர் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னாலும் திரும்ப வேண்டும். கேலி செய்யக் கூடாது.

ஐந்தாவது விதியைப் பெரியவர்களே முதலில் மீறுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சந்தானே" என்று நமக்கே ஆசை வரும். அந்த நேரத்தில் நாம் திரும்பினால்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். உச்சிக்குப் பக்கத்தில் வந்து, மழை மேகம் பார்த்துத் திரும்பத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு நண்பர்கள் குவாரிக் குட்டைக்குக் கூப்பிட்டாலும் "வேணாண்டா" என்று சொல்லும். இந்தப் பாடத்தில் மிக முக்கியமான செய்தி இதுதான்.

காடு வேறு, கோட்டை வேறு

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். கோடையில் காய்ந்த புல் நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். தீ சரிவில் மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதன் பிறகு அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் கொண்டு வந்தது.

ஆகவே காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. காட்டுப் பாதையில் நடக்க ஆசையிருந்தால் முறையான வழி இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் "டிரெக் தமிழ்நாடு" திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால், "ஒரு ஆள் கிட்ட சொல்லி உள்ள போயிடலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

* தேன்கூடு இருக்கும் பாறைப் பக்கம் கல் எறிவது, புகை போடுவது, சத்தம் போடுவது கூடாது. தேனீ கொட்ட வந்தால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும்.

* பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கை அல்லது காலை அசைக்காமல், தைரியம் சொல்லி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

* இடி மின்னல் என்றால் உச்சியிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. உடனே இறங்க வேண்டும்.

* சுனை, குளம், அருவியில் பெரியவர் துணையில்லாமல் இறங்கக் கூடாது. நனைந்த பாசிப் பாறையில் கால் வைக்கக் கூடாது.

* பாறை விளிம்பில் நின்று செல்பி எடுக்கக் கூடாது. இது அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்பா, செலவு, நேரம்

"ஒரு நாள் லீவு கிடைச்சா அவர் தூங்குவாரு, நான் துணி துவைப்பேன். மலைக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் மாதம் ஒரு ஞாயிறு மட்டும் என்று வையுங்கள். முதல் நாள் இரவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சோறு கட்டுவது அம்மா, தண்ணீர் பிடித்துச் சுமப்பது அப்பா, பை அடுக்குவது பிள்ளைகள். அம்மா மூன்று மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் தனியாகச் செய்துவிட்டு, களைத்துப் போய் மலை ஏறினால் அது குடும்ப நடை ஆகாது. மதுபாட்டிலோடு வருவேன் என்பவரை விட்டுவிட்டுப் போங்கள். வெளியூர் வேலைக்குப் போன அப்பா, அப்பா இல்லாத குடும்பம் என்றால் குழுவில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகலாம். அதுவே பாதுகாப்பும் கூட.

இதற்காக உள்கடன் வாங்கத் தேவையில்லை. பஸ் கட்டணம், கோட்டை நுழைவுச் சீட்டு, இரண்டு விசில், ஒரு தொப்பி, அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாடே போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. விறகுக்கும் தண்ணீருக்கும் களை எடுக்கவும் நாம் வாழ்நாள் முழுவதும் நடந்திருக்கிறோம். தலையில் சுமை இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், காற்று வாங்க எத்தனை நாள் நடந்திருக்கிறோம்? கையை வீசி நடக்கும் அம்மாவைப் பிள்ளை பார்க்க வேண்டும். வீட்டில் அதட்டுகிற அம்மா, பாறையில் "கையைக் குடு கண்ணு, என்னால முடியல" என்று சொல்லும்போது, அந்த வாலுப் பிள்ளையே பொறுப்பாகக் கை நீட்டும். அடித்து வராத பொறுப்பு அப்படி வரும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் ஊரில் பிள்ளைகள் சொல்லாமல் போகும் ஆபத்தான இடங்கள் எவை? குவாரிக் குட்டை, மூடாத கிணறு எத்தனை? வேலி போடச் சொல்லி கிராம சபையில் மனு கொடுத்தோமா?

2. ஆண் பிள்ளைக்கு அனுமதித்து, பெண் பிள்ளைக்கு மறுக்கும் விளையாட்டுகள் எவை? ஏன்?

3. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய குன்று, கோட்டை எவை? முதல் படி, இரண்டாம் படி என வரிசை போடுங்கள்.

4. உறுப்பினர்களில் கடைசியாக ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தது யார், எப்போது?

இந்தக் கேள்விகளைப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, 3 கி.மீ. சமதரை நடையோடு ஆரம்பிக்கலாம். எந்தக் கிழமை, எத்தனை குடும்பம் என்பதை ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பக்கத்து ஊர்க் குழுக்களையும் சேர்த்து ஒரே நாளில் நடக்க ஏற்பாடு செய்யலாம்.